டென்மார்க்கிலிருந்து இரண்டு முறை வந்த குப்பைமேடு

1552ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற சிற்றூரில், ஹென்லி தெருக்காரர்கள் மூன்று பேருக்கு ஆளுக்கு 12 பென்ஸ் அபராதம் விழுந்தது. உத்தரவை மீறித் தெருவிலேயே எருவைக் குவித்து மேடு போட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மூவரில் ஒருவர் பெயர் ஜான் ஷேக்ஸ்பியர். அவருடைய மகன் வில்லியம் பிறக்க இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. அந்த ஊரில் ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் பெயர் முதன்முதலாக ஏடேறியது இந்தக் குப்பை வழக்கில்தான்.

வழக்கை எழுதிவைத்தவர் லத்தீனில் எழுதினார். எருமேட்டை அவர் 'ஸ்டெர்குயினாரியம்' என்று குறித்திருக்கிறார். தெருவில் நின்று சண்டை போட்டவர்கள் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எருமேட்டுக்குப் பேர் ஒன்றல்ல. 'டங்ஹில்' என்பார்கள், 'மக்ஹில்' என்பார்கள், சில வட்டாரங்களில் 'மிக்சன்', வேறு சில வட்டாரங்களில் 'மிட்டன்'. இந்தக் கடைசிச் சொல் மட்டும் பண்ணைத் தொழுவத்திலிருந்து கிளம்பிப் பல்கலைக்கழகம் வரை போய்ச் சேர்ந்தது. அது எப்படிப் போனது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எருமேடு என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ரசாயன உரம் வருவதற்கு முன்னால் ஒரு பண்ணையின் அடுத்த வருஷத்து விளைச்சல் அந்த மேட்டில்தான் இருந்தது. சாணி, வைக்கோல், அடுப்புச் சாம்பல், சமையல் கழிவு எல்லாம் ஒன்றாகக் கிடந்து மட்கும். மட்கும்போது நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் மேட்டின் உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்காலக் காலையில் மேட்டிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்க்கலாம். இந்தச் சூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று விவசாயி கேட்டால் அவர் சொல்வது பிளாஸ்டிக் பையை அல்ல, எருவை. இன்னும் பின்னால் போனால் 'குப்பை' என்பதற்குக் குவியல் என்றுதான் பொருள். உமணர்கள் விற்ற உப்பை நற்றிணைப் பாட்டு ஒன்று 'குன்றுபோல் குப்பை' என்கிறது. உப்பில் என்ன அழுக்கு? குவித்து வைத்ததால் அது குப்பை. ஆங்கிலச் சொல்லிலும் இதே மாதிரி ஒரு குவியல் ஒளிந்திருக்கிறது.

சரி, மிக்சனை முதலில் பார்த்துவிடலாம். இதுதான் வீட்டுப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் சாணத்துக்கு 'மெயொக்ஸ்' என்று ஒரு சொல் இருந்தது. அதிலிருந்து பிறந்தது மிக்சன். ஜெர்மன் மொழியில் எருவுக்கு இன்றும் 'மிஸ்ட்' என்று பேர், அது இதற்குப் பங்காளி. (ஆங்கிலத்தில் பனிமூட்டத்தைச் சொல்லும் 'மிஸ்ட்'டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆனாலும் அந்தப் பெயரில் வாசனைத் திரவியம் செய்து ஜெர்மனியில் விற்க நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.)

13ஆம் நூற்றாண்டில், தனியறையில் தவம் இருந்த கிறிஸ்தவத் துறவுப் பெண்களுக்காக எழுதப்பட்ட ஆங்கில வழிகாட்டி நூல் ஒன்று, "தன் மிக்சன் மேல் நிற்கும் சேவலுக்கு வீரம் அதிகம் என்பார்களே" என்று போகிறபோக்கில் சொல்கிறது. 'என்பார்களே' என்பதால் அப்போதே அது பழைய பழமொழி. எவ்வளவு பழையது? ரோமில் கிளாடியஸ் பேரரசர் கி.பி. 54இல் இறந்தபின் அவரைக் கேலி செய்து செனெகா எழுதிய அங்கதத்திலேயே அந்தச் சேவல் தன் எருமேட்டில் நிற்கிறது. லத்தீனில் 'கல்லுஸ்' என்றால் சேவல், 'கால்' (இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக்காரன் என்றும் பொருள். கிளாடியஸ் பிறந்தது கால் நாட்டு லியோன் நகரில். குத்தல் எங்கே என்று புரிகிறது அல்லவா?

மிக்சனைப் பற்றி எனக்குப் பிடித்த பழமொழி செஷயர் வட்டாரத்தினுடையது: மேட்டுத் தரிசைத் தாண்டிப் பெண்ணெடுப்பதைவிட மிக்சனைத் தாண்டிப் பெண்ணெடுப்பது மேல். அதாவது, எங்கோ தொலைவில் சம்பந்தம் வைக்காதே, பக்கத்திலேயே பார். நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஓர் எருமேட்டு அகலம் என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கால ஊர் அமைப்பே கண்ணில் தெரிகிறது.

மிக்சன் இப்போது ஏறக்குறைய செத்துவிட்டது. மிட்டன் பிழைத்தது. அது வெளியிலிருந்து வந்தது.

9ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் டென்மார்க், நார்வே பக்கத்து வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். வைக்கிங் என்றதும் கோடரியும் கப்பலும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. வந்தவர்களில் பெரும்பாலோர் உழுது பிழைத்தவர்கள். அக்கம்பக்கத்து ஆங்கிலேயரோடு மாடு மாற்றினார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், கூடவே சொற்களும் கை மாறின. முட்டையைக் குறிக்கும் 'எக்', கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை', சன்னலுக்கான 'விண்டோ' எல்லாம் அவர்கள் வழி வந்தவை. இந்தச் சாமான்களோடு எருமேடும் வந்தது.

அவர்கள் மொழியில் 'மிகி' என்றால் சாணம், 'டிங்யா' என்றால் குவியல். டேனிஷ் மொழியில் இவை 'மொக்', 'டிங்க'. இரண்டையும் சேர்த்தால் சாணக்குவியல். நீளமான கூட்டுச் சொல் தினமும் வாயில் புழங்கினால் என்ன ஆகும்? நடுவில் இருந்த ககரம் உதிர்ந்தது. டேனிஷில் அது 'மோடிங்' ஆனது, இங்கிலாந்தின் வடக்கில் 'மிடிங்' ஆனது. 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்தச் சொல் தலைகாட்டுகிறது. கடைசி 'ங்' எழுத்தும் தேய்ந்து 'மிட்டன்' என்று நின்றது. ஆக, ஆங்கில நாட்டின் தெற்கிலும் மேற்கிலும் மிக்சன், வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் மிட்டன். ஆங்கிலத்தில் அழுக்கைச் சொல்லும் 'மக்' என்ற சொல்லும் இதே நார்டிக் வீட்டிலிருந்து வந்ததுதான். "மக் இருக்கிற இடத்தில் காசு இருக்கும்" என்று யார்க்‌ஷயர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

'டிங்யா' என்ற பாதியில் இன்னொரு வேடிக்கை உண்டு. பழைய நார்டிக் மொழியில் அதற்குக் குவியல் என்று மட்டுமல்ல, பெண்கள் உட்கார்ந்து நெய்கிற அறை என்றும் பொருள். சாணத்துக்கும் நெசவறைக்கும் என்ன சம்பந்தம்? ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் கி.பி. 98இல் ஜெர்மானிய மக்களைப் பற்றி எழுதியபோது, அவர்கள் தரைக்கடியில் அறை தோண்டி அதன் மேல் ஏராளமாகச் சாணத்தைக் குவிப்பார்கள், குளிர்காலத்துக்கு ஒதுங்கவும் தானியம் வைக்கவும் அது உதவும் என்று குறித்துவைத்தார். நான் முன்பு சொன்ன சூடு இதுதான். விரல் விறைத்துப்போனால் தறியில் நூல் கோக்க முடியாது. சாணம் போர்த்திய அறையின் பேர் மெல்லப் பெண்கள் கூடும் அறையின் பேராகிவிட்டது என்று மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள்.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட 'நியால் சாகா' என்ற பழங்கதையில் இந்த இரண்டு பொருளும் தற்செயலாக ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. ஹால்கெர்த் என்ற வாய்த்துடுக்கான சீமாட்டி தன் டிங்யாவில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரி வீடான நியாலின் பண்ணையிலிருந்து பிச்சையெடுக்கும் பெண்கள் வந்து ஊர்ச்செய்தி சொல்கிறார்கள்: நியாலின் ஆட்கள் மேட்டு நிலத்துக்கு எரு சுமக்கிறார்களாம், அங்கே புல் நன்றாக வளர வேண்டுமாம். நியாலுக்குத் தாடி முளைக்காது. அந்த எருவைத் தாடையில் போட்டிருந்தால் அவருக்கும் தாடி வளர்ந்திருக்குமே என்று ஹால்கெர்த் சிரிக்கிறாள். அவருக்குத் 'தாடியில்லாதவன்' என்றும் பிள்ளைகளுக்குச் 'சாணித் தாடிக்காரர்கள்' என்றும் பட்டம் சூட்டுகிறாள். அந்தப் பேச்சுக்கு ரத்தம் சிந்த நேர்ந்தது. விவசாயக் கண்ணோடு பார்த்தால் நியால்தான் கெட்டிக்காரர், ஆனால் கதையில் நியாயம் அப்படிப் பிரிவதில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். அடுத்த சில நூற்றாண்டுகளில் மிட்டனின் வாழ்க்கை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வடக்குப் பண்ணைகளில் அது மரியாதையாகத்தான் இருந்தது. தொழிற்புரட்சியில் நகரங்கள் வீங்கியபோது மானம் போயிற்று. பல வீடுகளுக்குச் சேர்ந்து ஒரு கழிப்பறை, அதற்குப் பின்னால் மலமும் சாம்பலும் கொட்டும் குழி, அதன் பேர் மிட்டன். மான்செஸ்டர் போன்ற ஊர்கள் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் இவற்றை ஒழிக்கத் தொடங்கின. ஸ்காட்லாந்தில் அழுக்காகவோ பெருந்தீனி தின்றோ திரிகிறவரை 'மிட்டன்' என்றே திட்டுவார்கள். கிளாஸ்கோவில் அடுக்குவீடுகளின் பின்முற்றத்துக் குப்பைத்தொட்டி இடத்துக்கும் அதே பேர். வசதியான தெருக்களின் குப்பையில் நல்ல சாமான் கிடைக்கும் என்பதால் ஒரு காலத்தில் பிள்ளைகள் அதை 'லக்கி மிட்டன்' என்றார்கள்.

இப்படியே தேய்ந்து, மிக்சனைப் போல அகராதியில் மட்டும் கிடந்திருக்க வேண்டிய சொல் இது. டேன்கள் இரண்டாவது முறை வந்து காப்பாற்றினார்கள். இந்த முறை கப்பலில் அல்ல, ஆராய்ச்சிக் கட்டுரைகளில்.

டென்மார்க்கின் கடற்கரை ஓரங்களில் சிப்பி ஓடுகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. கடல்மட்டம் ஒரு காலத்தில் உயர்ந்திருந்து பின்பு இறங்கியதால் எஞ்சிய இயற்கைப் படிவு அவை என்று பலரும் நினைத்தார்கள். அதைத் தீர விசாரிக்க 1848இல் டேனிஷ் அரச அறிவியல் கழகம் மூவர் குழுவை அமைத்தது. விலங்கியலாளர் யாபெதுஸ் ஸ்டீன்ஸ்ட்ரப், புவியியலாளர் ஃபோர்க்ஹாமர், தொல்லியலாளர் வோர்சோ. ஒரே மேட்டை மூன்று துறைக்காரர்கள் சேர்ந்து தோண்டியது அந்தக் காலத்தில் புதுசு.

1850இல் ஜட்லாந்தின் மைல்கோர் என்ற இடத்தில், சாலைக்குக் கொட்டுவதற்காகச் சிப்பி ஓடு வெட்டியபோது கல் ஆயுதங்கள் வெளிப்பட்டன. அப்புறம் எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. குழு எழுப்பிய கேள்விகள் எளிமையானவை. கடல் கொண்டுவந்து போட்ட படிவானால் குஞ்சுச் சிப்பிகளும் கலந்திருக்க வேண்டுமே, ஏன் எல்லாம் முழுதாக வளர்ந்தவையாகவே இருக்கின்றன? கடலில் ஒரே இடத்தில் சேர்ந்து வாழாத மட்டி, சிப்பி, கடல்நத்தை வகைகள் எப்படி ஒன்றாகக் கிடக்கின்றன? மணலும் கூழாங்கல்லும் ஏன் இவ்வளவு குறைவு? நடுவே தீயில் வெந்த கற்கள் எதற்கு? விடை ஒன்றுதான். யாரோ பொறுக்கி எடுத்து, சுட்டுத் தின்று, ஓட்டை அங்கேயே போட்டிருக்கிறார்கள். ஒரு வேளை அல்ல, தலைமுறை தலைமுறையாக.

ஸ்டீன்ஸ்ட்ரப் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். மேட்டில் கிடைத்த பறவை எலும்புகளில் சில வகை மட்டுமே திரும்பத் திரும்பக் கிடைத்தன, நீள எலும்புகளின் நடுத்தண்டு இருந்தது, மென்மையான முனைகள் இல்லை. அவர் உயிருள்ள நாய்களுக்குப் பறவை எலும்புகளைப் போட்டு, எதைத் தின்கின்றன, எதை விடுகின்றன என்று பார்த்தார். நாய்கள் விட்டுவைத்தவையும் மேட்டில் கிடைத்தவையும் ஒத்துப்போயின. அந்தக் கற்கால மக்களிடம் ஆடு இல்லை, மாடு இல்லை, ஆனால் வளர்ப்பு நாய் இருந்தது என்பது இல்லாத எலும்புகளிலிருந்து தெரிந்தது. குளிர்காலத்தில் மட்டும் டென்மார்க் வரும் காட்டு அன்னத்தின் எலும்பு கிடைத்ததால், அவர்கள் கோடை விருந்தாளிகள் அல்ல, குளிரிலும் அங்கே இருந்தவர்கள் என்பதும் விளங்கிற்று.

எலும்பு ஏன் அவ்வளவு காலம் கெடாமல் இருந்தது என்று கேட்டால், அதுவும் சிப்பியின் உபயம். அமிலத்தன்மை உள்ள மண்ணில் எலும்பு கரைந்துபோகும். ஓடுகளில் இருக்கிற சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறித்துவிடும். அதனால் மற்ற இடங்களில் கல் மட்டுமே எஞ்ச, இங்கே மீன்முள் வரை எஞ்சியது. 1890களில் இரண்டாவது குழு ஒன்று லிம்ஃபியோர்ட் கரையில் எர்டபோல என்ற இடத்து மேட்டைத் தோண்டியது. ஏறக்குறைய 140 மீட்டர் நீளம். கி.மு. 5400 முதல் 3900 வரையிலான அந்தக் கரையோர மக்களின் பண்பாட்டுக்கே இன்று எர்டபோல என்றுதான் பேர்.

இந்த மேடுகளுக்கு டேனிஷ்காரர்கள் வைத்த பேர் 'கோக்கன்மோடிங்'. கோக்கன் என்றால் சமையலறை. மோடிங் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

லண்டன் வங்கியாளரும் டார்வினின் பக்கத்து வீட்டுக்காரருமான ஜான் லப்பக் டென்மார்க் போய் இந்த மேடுகளைப் பார்த்தார், 1861இல் அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். தொடக்கத்தில் டேனிஷ் சொல்லையே அப்படியே போட்டார்கள். ஆங்கில நாக்குக்கு அது பெரிய தொல்லை. பெயர்க்கலாம் என்று பார்த்தால் வேலையே இல்லை! கோக்கனுக்குக் கிச்சன், மோடிங்குக்கு வடக்கத்திப் பண்ணைகளில் ஆயிரம் ஆண்டுகளாகப் புழங்கிய மிட்டன். 1860களிலேயே 'கிச்சன் மிட்டன்' புத்தகங்களில் ஏறிவிட்டது. பிற்பாடு 'கிச்சன்' உதிர்ந்து வெறும் மிட்டனே கலைச்சொல் ஆயிற்று. மிக்சனுக்குக் கிடைக்காத யோகம் மிட்டனுக்குக் கிடைத்ததற்குக் காரணம் அதன் தகுதி அல்ல, டென்மார்க்கில் ஒரு சகோதரன் இருந்ததுதான்.

பொருளிலும் ஒரு நகர்வு நடந்துவிட்டதைக் கவனியுங்கள். மைல்கோரிலும் எர்டபோலவிலும் சாணம் கிடையாது, மாடே கிடையாது. சொல்லின் முதல் பாதியான சாணம் கழன்று, பின்பாதியான குவியல் மட்டும் நின்றது. மனிதர் இருந்து தின்று எறிந்து சேர்ந்த குவியல் எதுவானாலும் இப்போது மிட்டன்.

பேர் பரவிய வேகத்துக்கு நம் பக்கத்துக் கடல்களே சாட்சி. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், குவார் கெப்பா என்ற இடத்துச் சிப்பி மேடுகளைப் பற்றி ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் 1860களில் எழுதினார். அங்கேதான் 2017இல் 'பினாங்குப் பெண்' என்று இப்போது அழைக்கப்படும் புதிய கற்கால எலும்புக்கூடு கிடைத்தது. அந்தமான் தீவு மக்கள் சேர்த்த மேடுகளைப் பற்றி ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா 1870இல் எழுதியபோது டேனிஷ் சொல்லையே தலைப்பில் போட்டார். இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டைப் பகுதியிலும் ஏறக்குறைய 4,000 ஆண்டுப் பழைய சிப்பி மேடுகளில் மனித எலும்புகள் கிடைத்துள்ளன.

ஆனால் மிட்டனின் பழைய அர்த்தமும் புதிய அர்த்தமும் கைகுலுக்கும் இடம் ஒன்று வேண்டுமானால் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளுக்குப் போக வேண்டும். 1850இல், அதாவது மைல்கோரில் ஓடு வெட்டிய அதே ஆண்டில், ஒரு பெரும்புயல் ஸ்கெய்ல் விரிகுடா ஓரத்து மணல்மேட்டை அரித்துத் தள்ளியது. உள்ளே கல்வீடுகள். ஸ்காரா பிரே என்ற அந்தக் கிராமத்தில் ஏறக்குறைய கி.மு. 3100 முதல் 2500 வரை மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். 1928 முதல் தொல்லியலாளர் கார்டன் சைல்ட் அங்கே அகழ்ந்தார். கல் படுக்கை, கல் அலமாரி, நடுவில் அடுப்பு, எல்லாம் இருக்கின்றன. வீடுகளைச் சுற்றி ஓடு, எலும்பு, சாம்பல், சாணம், மட்கிய கழிவு எல்லாம் கலந்து களிமண் போல இறுகிய மிட்டனைக் குவித்திருக்கிறார்கள். காற்று மரத்தையே நிமிரவிடாத தீவு அது. சுவருக்கு வெளியே சில அடி கனத்துக்கு அந்தக் குவியல் இருந்தால் உள்ளே அடுப்புச் சூடு தங்கும். டாசிட்டஸ் எழுதிய சாணம் போர்த்திய அறையும், ஹால்கெர்த் உட்கார்ந்து வம்பளந்த டிங்யாவும் இந்த வீடுகளுக்குப் பல தலைமுறை பிந்திய பேத்திகள் என்று சொன்னால் தொல்லியலாளர்கள் கோபிப்பார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மனிதரோடு சொல் நிற்கவில்லை. ஆக்டோபஸ் தன் பொந்துக்கு வெளியே தின்று போட்ட ஓடுகளுக்கும் உயிரியலாளர்கள் வைத்த பேர் மிட்டன். அணில் உரித்துப்போட்ட ஊசியிலைக் காய்களின் குவியலுக்கும் அதே. காண்டாமிருகங்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து சாணமிட்டு, யார் வந்தார் போனார் என்று மோப்பத்தால் அறிந்துகொள்ளும் மேட்டுக்கும் அதே பேர்தான். இங்கே பாருங்கள், சாணம் மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்தில் 'பேக்ரேட்' என்று ஓர் எலி உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துவந்து பாறை இடுக்கில் சேர்க்கும்: குச்சி, இலை, முள், விதை. அதன் மேலேயே சிறுநீர் கழிக்கும். வறண்ட காற்றில் சிறுநீர் உறைந்து பழுப்புநிறக் கண்ணாடி போல ஆகி, உள்ளே இருப்பதை அப்படியே காத்துவைக்கும். 1964இல் ஃபிலிப் வெல்ஸும் கிளைவ் ஜார்கென்சனும் நெவாடாவில் இப்படிப்பட்ட மிட்டன்களைப் பிரித்து, இன்று மரமே இல்லாத மலைகளில் பனியுகத்தில் என்ன மரங்கள் நின்றன என்று காட்டினார்கள். சில குவியல்களின் வயது 40,000 ஆண்டுகளுக்கும் மேல்.

அவர்களுக்கும் முன்னால் இதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. 1849இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன ஒரு கூட்டம் நெவாடாவில் பசியோடு அலைந்தபோது பாறைப் பொந்தில் மினுமினுக்கும் உருண்டைகளைக் கண்டது. மிட்டாய் போல இருந்தது. வாயில் போட்டுப் பார்த்தார்கள். இனிப்பாகத்தான் இருந்தது, கொஞ்சம் குமட்டியது. இருந்தாலும் தின்றார்கள்.